அயினிக் கட்டை

கருங்கலிலிருந்து தொலையாவட்டம் போகும் ரோட்டில்
எனக்கு ஆக்கர் கடை.
தராசில் ஏறியதெல்லாம் ஒன்றுதான்:
தாமிரம், தகரம், பழைய பேப்பர்.
தையல் மெஷின் என்றால்
தலை பதினாலு கிலோ, கால் இருபத்தைந்து.
சம்மட்டியால் இரண்டு அடி.
லாரி திங்கள்கிழமை வரும்.

முதலாவதை உடைக்காமல் வைத்தது
அன்பினால் ஒன்றுமில்லை.
சம்மட்டிக்குப் பிடி கழன்றிருந்தது.
புதுப் பிடி வருவதற்குள்
சும்மா சக்கரத்தைச் சுற்றினேன்.
ஊசி இறங்கி ஏறியது,
எண்ணெய் காணாமல், கோபமாக,
சோறு எங்கே என்று கேட்கிற ஆளைப் போல.

இப்போது முப்பத்தொன்று.
றப்பர் ஷீட் உலர்த்தும் ஷெட்டில்
ஷீட்டுக்கு இடமில்லை.
"ரெண்டு பேரு உடுக்க எட்டுத் துணி,
அதத் தைக்க முப்பத்தொண்ணு மெஷினா?"
என்பான் எனக்குக் கெட்டியவன் றசல்.
பிறகு அவனேதான்
ஸ்டாண்டின் மறுமுனையைத் தூக்குவான்.

நீல அட்டை நோட்டு ஒன்று.
நம்பர், வந்த ஊர், கொடுத்த விலை.
எதற்கு நூல் இடமிருந்து வலம்,
எதற்கு வலமிருந்து இடம்,
ஊசியின் தட்டைப் பக்கம் எங்கே பார்க்க வேண்டும்,
படகு பாபினில் நூலை எந்தப் பள்ளத்தில் விட வேண்டும்.
ஜெர்மன்காரிக்கு ஊசி கிடைப்பதில்லை.
வேறொன்றின் அடியை அரத்தில் ராவி
அரை நெல் குறைத்தால் தையல் விடும்;
முழு நெல் குறைத்தால் விடாது.
இதைச் சொன்னது
ஒடிந்துபோன எட்டு ஊசி.

இருபத்தேழாவது குளச்சலிலிருந்து வந்தது,
உப்பு தின்ற உடம்போடு.
மூன்று நாள் மண்ணெண்ணெயில் கிடந்தபின்
இடுப்பில் ஒரு பொன்படம் தெளிந்தது:
சிங்க உடம்பு, பெண் முகம்,
கை உரசி உரசி மூக்கு மட்டும் இல்லை.
டிராயரில் நாலு பித்தான்,
ஜெபமாலையில் அறுந்த எட்டு மணி,
"ஸ்டெல்லா, கை ஆறரை, சனிக்கிழமை"
என்று ஒரு சீட்டு.
எல்லாவற்றையும் கவரிலிட்டு நம்பர் எழுதினேன்.
பெடலில் மட்டும், இடது பக்கம்,
இரும்புப் பூக்களினூடே செம்புக் கம்பி முறுக்கி
யாரோ கட்டிய மரத்துண்டு.
அழுக்கு. அசலில் இல்லாதது.
கம்பி தாமிரக் கணக்கில் போனது.
கட்டையில் அன்று சாயா கொதித்தது.

கோட்டாறு சவேரியார் திருவிழா லீவில்
ஆன்சிலா என்று ஒருத்தி வந்தாள்.
அக்காள் மெஷின் இங்கே இருப்பதாகக் கேள்விப்பட்டாளாம்.
பளபளப்பை அவள் பார்க்கவில்லை. குனிந்தாள்.
"கட்டை எங்க?"
"எந்தக் கட்டை?"
"றெஜீனா அக்காளுக்க எடது காலு குட்டையாக்கும்,
சின்னதுல வந்த காய்ச்சல்ல.
வள்ளம் பண்ணுற ஆசாரி
மிச்சம் வந்த அயினியில வெட்டிக் குடுத்தாரு.
அதுல மிதிச்சுத்தான் எங்க மூணு பேருக்க பீஸும்..."

சாயா குடிக்கிறியளா என்று கேட்க
எனக்கு வாய் வரவில்லை.
உயரம் எவ்வளவு என்று மட்டும் கேட்டேன்.
கட்டைவிரலும் சுட்டுவிரலும் விரித்துக் காட்டினாள்.
விரல் அசையும்முன் ஸ்கேலைப் பிடித்தேன்.

27. குளச்சல்.
இடப் பெடலில் அயினிக் கட்டை.
உயரம் ஒன்றே முக்கால் இஞ்ச்,
தங்கை விரலில் காட்டியபடி.
தைத்தவர் றெஜீனா.
வெட்டியவர் வள்ளத்து ஆசாரி, பெயர் கிடைக்கவில்லை.
எரித்தது நான்.

நேற்று வந்த முப்பத்தொன்றாவதின் கைச்சக்கரத்தில்
சைக்கிள் ட்யூப் மூன்று சுற்று சுற்றியிருக்கிறது.
றசல் துணியும் மண்ணெண்ணெயும் எடுத்துவந்தான்.
வேண்டாம் என்றேன்.
எதற்கென்று தெரியவில்லை.
எதற்கென்று தெரியவில்லை என்று
எழுதி வைத்திருக்கிறேன்.